பெட்டியில் எழுதிய வோல்ட்டும் புல்லில் இறங்கும் வாட்டும்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பிப்ரவரி மாதம் புல்தரை பனிக்கு அடியில் கிடக்கும். புல்வெட்டும் இயந்திரம் வாங்குகிறவர்கள் கடைப்பக்கம் வருவதோ மார்ச், ஏப்ரலில். அதற்குள் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று சொல்லியாக வேண்டும். அதனால்தான் நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரில் இருக்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, புல்வெட்டிகளை ஓட்டிப் பார்ப்பதற்காக ஃப்ளோரிடாவுக்குப் போகிறது. அந்தப் பருவத்திலும் அங்கே வெட்டுவதற்குப் புல் இருக்கும். சோதிக்கும் ஒவ்வொரு பொருளையும் சாதாரண வாடிக்கையாளர் மாதிரியே கடையில் காசு கொடுத்து வாங்குவது 1936-ல் தொடங்கிய அந்த அமைப்பின் வழக்கம். ஜெர்மனியில் 1964-ல் அரசு ஏற்படுத்திய ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட்டும் பெயர் சொல்லாமல் ஆள் அனுப்பித்தான் வாங்குகிறது. கம்பெனி தேர்ந்தெடுத்து அனுப்பும் மாதிரியை ஓட்டிப் பார்த்து எழுதும் விமர்சனத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட அமைப்புகள் நெடுங்காலம் பெட்ரோல் இயந்திரங்களைச் சோதித்துப் பழகியவை. அப்போது கேள்விகள் எளியவை: சீராக வெட்டுகிறதா, தள்ளுவதற்கு லேசாக இருக்கிறதா, கயிற்றை இழுத்தவுடன் கிளம்புகிறதா. பேட்டரி வந்த பிறகு இரண்டு கேள்விகள் கூடின. ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடும்? அந்தப் பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும்? முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்கிறார்கள், பாதிப் பதில். இரண்டாவதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. வாங்குகிறவரின் பணம் தேறுவதும் தேறாததும் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இயந்திரத்தின் பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் க்ளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் பக்கம் கம்பளித் துணி ஆலைகள் நிறைய இருந்தன. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை மழிக்க அங்கே கத்திகள் பொருத்திய உருளை ஒன்று ஓடும். அதே உருளையைப் புல்லின் மேல் ஓட்டினால் என்ன என்று யோசித்த எட்வின் பட்டிங் 1830-ல் காப்புரிமை பெற்றார். 1902-ல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பூட்டி விற்றது. பிறகு தரைக்கு இணையாகச் சுழலும் ஒற்றைக் கத்தி வந்து உருளையை ஓரங்கட்டியது. ஆஸ்திரேலியாவில் 1952-ல் மெர்வின் ரிச்சர்ட்சன் தம் விக்டா இயந்திரத்தின் முதல் மாதிரிக்குப் பெட்ரோல் டாங்காக வைத்தது ஒரு காலி பீச் பழ டின். மின்சாரத்தை நம்பி 1969-ல் ஜெனரல் எலெக்ட்ரிக், ஈய பேட்டரியில் ஓடும் எலெக்-டிராக் என்ற தோட்ட டிராக்டரை இறக்கிப் பார்த்தது. சில ஆண்டுகளில் அந்தக் கடையைக் கட்டியது. 1990-களில் 24 வோல்ட் ஈய பேட்டரி வைத்த தள்ளுவண்டிகளும் வந்தன. ஒரே அளவு மின்சாரத்தைத் தேக்க ஈய பேட்டரி லித்தியத்தைவிட மூன்று நான்கு மடங்கு கனக்கும். புல்தரையில் இழுத்துத் திரும்புகிறவருக்கு அந்தக் கனம் தாளவில்லை. 1991-ல் சோனி லித்தியம்-அயன் செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகும், அது கைபேசி, மடிக்கணினி, துளையிடும் கருவி என்று படிப்படியாக இறங்கிப் புல்தரைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது.

இனி கடைக்குள் போவோம். முதலில் கண்ணில் படுவது வோல்ட். 40, 56, 60, 80 என்று பெட்டியின் பாதியை அடைத்துக்கொண்டு எழுதியிருக்கும். விற்பதற்கு வசதியான எண் அது. ஒப்பிடுவதற்கு அதைப்போல மோசமான எண் வேறில்லை. ஒரு லித்தியம்-அயன் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். வேலை செய்யும்போது சராசரியாக 3.6-ல் நிற்கும். பத்து செல்களை வரிசையாகக் கோத்தால் சராசரி 36 வோல்ட். ஐரோப்பாவில் பாஷ் அதை 36 என்றே எழுதி விற்கிறது. அமெரிக்காவில் ரியோபி 40 என்று எழுதுகிறது. இரண்டும் பத்து செல்தான். டிவால்ட்டின் ஐந்து செல் பேட்டரிக்கு அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று பெயர், ஐரோப்பாவில் 18 வோல்ட். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே. 14 செல் கோத்த ஈகோவின் 56 வோல்ட்டை இதே கணக்கில் போட்டால் 50.4 வரும். 20 செல் வைத்து 80 என்று விற்பது 72.

இந்தக் கூடுதல் குறைச்சலை மன்னித்துவிடலாம். பெரிய சிக்கல், பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் இருப்பு என்பதை வோல்ட் சொல்வதே இல்லை என்பது. அதைச் சொல்வது வாட்-மணி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அது கிடைக்கும்; ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் நம் மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட். 80 வோல்ட் என்று எழுதிய 2.5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 72 × 2.5, அதாவது 180 வாட்-மணி. 40 வோல்ட் என்று எழுதிய 6 ஆம்பியர்-மணி பேட்டரியில் 36 × 6, அதாவது 216. பாதி வோல்ட் என்று ஒதுக்கப்பட்டது ஐந்தில் ஒரு பங்கு அதிகம் வைத்திருக்கிறது. இந்த எண் பேட்டரியின் அடிப்பக்கத்தில் பொடியெழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படித்துவிட வேண்டும்.

வோல்ட் முழுப் புரட்டு என்றும் சொல்ல மாட்டேன். ஒரே திறனை இரட்டை வோல்ட்டில் கொடுத்தால் கம்பியில் ஓடும் ஆம்பியர் பாதியாகும். வெப்பமாக வீணாவது நாலில் ஒன்றாகும். அடர்ந்த புல்லில் மோட்டார் மூச்சுப் பிடித்து ஓடும்போது அது உதவும். மக்கிட்டா தன் 18 வோல்ட் பேட்டரிகள் இரண்டைச் சேர்த்துச் செருகி 36 வோல்ட் புல்வெட்டியை ஓட்டுவதும் இதற்காகத்தான்.

அடுத்த எண் நிமிடம். 45 நிமிடம் வரை ஓடும், 60 நிமிடம் வரை ஓடும் என்று போட்டிருக்கும். எந்தப் புல்லில், எவ்வளவு உயரத்தில், சக்கரத்தை நகர்த்தும் மோட்டாரும் சேர்ந்து ஓடியதா என்ற விவரம் இருக்காது. கணக்குக்காக 300 வாட்-மணி பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காய்ந்த, குட்டையான புல்லில் இயந்திரம் சராசரியாக 400 வாட் இழுத்தால் 45 நிமிடம் வரும். அடர்ந்த புல்லில் 900 வாட் இழுத்தால் 20 நிமிடம். மழை விட்ட மறுநாள், முழங்காலைத் தொடும் புல்லில் 1,500 வாட் தேவைப்பட்டால் 12 நிமிடம். அந்தப் பன்னிரண்டும் முழுதாகக் கைக்கு வராது. வேகமாக உறிஞ்சும்போது செல் சூடாகும், வோல்ட் சரியும், பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு போதும் என்று முன்கூட்டியே நிறுத்திவிடும். ஆக ஒரே பேட்டரிக்கு 12 என்பதும் 45 என்பதும் இரண்டுமே உண்மையான விடைகள். பெட்டியில் எதை அச்சடிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோல் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் அதன் திறமை இல்லை, எரிபொருளின் செழிப்பு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கை வேலையாக மாற்றினாலே பெரிது. மிச்சம் சூடாகவும் சத்தமாகவும் போகும். அப்படி வீணடித்தும் மிஞ்சுவது நம் 300 வாட்-மணி பேட்டரியைப்போல ஆறு மடங்கு. அதனால் பெட்ரோல் காலத்தில் கத்தியை வடிவமைத்தவர்கள் சிக்கனத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. பேட்டரிக்காரர்கள் நினைத்தாக வேண்டும். விவகாரமே இங்கேதான் இருக்கிறது.

சுழலும் கத்தியைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். முன் ஓரம் தீட்டியிருக்கும், அது வெட்டுகிறது. பின் ஓரம் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். கத்தியை மூடியிருக்கும் கவிழ்ந்த கூட்டை டெக் என்கிறார்கள். சுழலும்போது அந்த வளைவு விசிறியாக வேலை செய்து டெக்குக்குள் காற்றை மேலே இழுக்கும். சாய்ந்து கிடக்கும் புல் அந்த இழுப்பில் நிமிரும். நிமிர்ந்த புல் ஒரே மட்டத்தில் வெட்டுப்படும். வெட்டியது அதே காற்றில் பறந்து பின்னால் உள்ள பைக்குள் விழும். இந்தக் காற்றுக்கு மின்சாரம் செலவாகிறது. புல்லே இல்லாத சிமெண்ட் தரையில் ஓட்டினாலும் மோட்டார் கணிசமாக இழுப்பதற்கு இதுவே காரணம். இப்போது வளைவைக் குறைத்துக் கத்தியைத் தட்டையாக்கி, சுற்றையும் கொஞ்சம் இறக்கினால் நிமிடம் ஏறும், சத்தம் இறங்கும். இரண்டும் விளம்பரத்துக்கு அழகான எண்கள். வெட்டிய தரையைக் குனிந்து பார்த்தால்தான் விலை தெரியும். சக்கரம் அமுக்கிக்கொண்டு போன தடத்தில் நிமிராமல் தப்பிய புல், மறுநாள் காலையில் சரியாக மழிக்காத தாடையின் மயிர்போல அங்கங்கே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கத்தி நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தொழில்தரம் நிமிடத்துக்கு 19,000 அடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 21 அங்குலக் கத்திக்கு அது ஏறக்குறைய 3,450 சுற்று. பல பேட்டரி இயந்திரங்கள் லேசான புல்லில் அதற்கு வெகுவாகக் கீழே ஓடி, புல் கெட்டியானதும் தாமே சுற்றைக் கூட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டுவதற்குள் அரை அடி நகர்ந்துவிட்டால் அந்த அரை அடி அரைகுறையாக நிற்கும். எவ்வளவு சீக்கிரம் சுதாரிக்கிறது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். காது கொடுத்துக் கேட்டாலே பிடிபடும். வெறும் நிமிடத்தை அளக்கும் சோதனை, மோசமாக வெட்டும் இயந்திரத்துக்குப் பரிசு கொடுத்துவிடும். நேரத்தையும் வெட்டின் தரத்தையும் ஒரே ஓட்டத்தில் அளந்தால் மட்டுமே ஒப்பீடு நியாயமாகும்.

அப்படி அளப்பது எளிதா என்றால் இல்லை. வெட்டிய புல்லை இன்னோர் இயந்திரத்தால் மறுபடி வெட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்தி ஒதுக்க வேண்டும். பாத்திக்குப் பாத்தி புல்லின் அடர்த்தி மாறும். காலை எட்டு மணிக்கு ஓடியது பனி ஈரத்தில் திணறும். பதினொரு மணிக்கு ஓடியது காய்ந்த புல்லில் ஜம்மென்று போகும். வரிசையைக் கலைத்து, திரும்பத் திரும்ப ஓட்டி, சராசரி எடுப்பதைத் தவிர வழியில்லை. தனி ஒருவர் தன் வீட்டுப் புல்தரையில் மூன்று இயந்திரங்களை ஓட்டி முதலிடம் கொடுப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

பார்க்க வேண்டியவை பெரும்பாலும் கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிறவைதான். பையில் பிடிக்கும் சோதனையில், உயரமான புல்லில் ஓட்டி, வாய் அடைத்துக்கொண்டு புல் பைக்குள் போகாமல் நிற்கும்வரை வெட்டுவார்கள். பிறகு பைக்குள் சேர்ந்ததை நிறுப்பார்கள். பை நிரம்பி அடைத்ததா, பாதியிலேயே அடைத்ததா என்பதில் காற்றின் வலு தெரிந்துவிடும். மல்ச்சிங் என்பது பின்வாயை மூடிவிட்டு, வெட்டிய புல்லை டெக்குக்குள்ளேயே மறுபடி மறுபடி நறுக்கித் தரையில் உதிர்ப்பது. நன்றாகச் செய்யும் இயந்திரம் போன பிறகு விரலால் கோதினால் மட்டுமே துணுக்குகள் தட்டுப்படும். சரியில்லாதது போன வழியெல்லாம் பச்சைக் கட்டிகளைக் கக்கிக்கொண்டு போகும். இரண்டு நாளில் அதன் அடியில் இருக்கும் புல் மஞ்சளாகும். வாராவாரம் வெட்டுகிறவருக்கு மல்ச்சிங் போதும், தழைச்சத்தும் மண்ணுக்கே திரும்பும். பைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எந்தப் புல் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் வட பகுதியில் கென்டக்கி ப்ளூகிராஸ், ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிய இலைப் புற்களை மூன்று அங்குலமும் அதற்கு மேலும் விட்டு வெட்டுவார்கள். தெற்கே ஃப்ளோரிடாவில் அகன்ற இலை செயின்ட் அகஸ்டின். டெக்சாஸ் வெயிலைத் தாங்குவது பெர்முடா, அதாவது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல். அதை ஒன்றிரண்டு அங்குலத்துக்கு ஒட்ட வெட்டினால்தான் பார்வையாக இருக்கும். அந்த உயரத்தில் கத்தி இலையைத் தாண்டி விறைப்பான தண்டுக்குள் நுழைகிறது. டாலஸ் பக்கம் இருக்கும் என் அக்கா மகன் பட்டியலில் மேலே இருந்த ஒன்றை வாங்கிவிட்டுப் போனில் சொன்னான்: “மாமா, டெஸ்ட்ல பிரமாதம்னு போட்டிருந்தாங்க. எங்க வீட்டு அருகம்புல்லைப் பார்த்ததும் அதுக்கு மூச்சு வாங்குது.” ஊருக்கு வந்து திரும்பினால் புல் காடாகியிருக்கும், 12 அங்குலத்தைத் தாண்டினால் டாலஸ் நகரச் சட்டம் பேசும். டெக்கை ஆக உயரத்தில் வைத்து ஒரு தரம், இரண்டு நாள் விட்டு ஒரு படி இறக்கி மறுதரம் வெட்டு என்றேன். ஒரே தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்தரைக்காரர்களின் பழைய விதி. பேட்டரி இயந்திரத்துக்கு அது இன்னும் பொருந்தும்.

எவ்வளவு பெரிய பேட்டரி போதும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. கால் ஏக்கர் மனை என்றால் நம் கணக்கில் 25 சென்ட். வீடு, கார் வரும் பாதை எல்லாம் போகப் புல் 14 சென்ட், அதாவது 6,000 சதுர அடி என்று வைப்போம். 21 அங்குலக் கத்தியில், தடத்தின்மேல் தடம் ஏறுவதைக் கழித்தால் ஒன்றரை அடி மிஞ்சும். நிமிடத்துக்கு 220 அடி நடந்தால் 330 சதுர அடி. திரும்புவதற்குக் கழித்தால் 270 தேறும். வேலை 22 நிமிடத்தில் முடியும். சராசரி 700 வாட் இழுத்தால் ஏறக்குறைய 260 வாட்-மணி. சென்ட்டுக்கு 20 வாட்-மணி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அருகம்புல்லுக்கும், ஒரு வாரம் தவறவிடுகிறவருக்கும் இரட்டிப்பு. சென்னையிலோ கோவையிலோ வீட்டு முன்னால் இரண்டு சென்ட் புல் வைத்திருப்பவருக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பட்டிங் வழிவந்த கையால் தள்ளும் உருளையே போதுமானது, கைக்கும் நல்லது.

சத்தத்தில் பேட்டரிக்கு வெற்றி, அதில் வாதம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000/14 விதிப்படி ஒவ்வொரு புல்வெட்டியின் மேலும் ஒலித்திறனை ஒட்டி விற்க வேண்டும். 50 சென்டிமீட்டர் அகலம் வரை 96 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. பத்து டெசிபெல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறையப் பாதிச் சத்தமாகத் தெரியும். ஆனால் சட்டம் அதற்கெல்லாம் மசியவில்லை. ஜெர்மனியில் குடியிருப்புப் பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டக் கூடாது, மற்ற நாளில் இரவு 8 முதல் காலை 7 வரை கூடாது. பெட்ரோல், பேட்டரி எல்லாவற்றுக்கும் ஒரே தடைதான்.

புகை விஷயத்தில் அடிக்கடி மேற்கோளாகும் கணக்கு கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தினுடையது. தொழில்முறைப் பெட்ரோல் புல்வெட்டி ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமூட்ட மாசு, 2017 டொயோட்டா கேம்ரியை 300 மைல் ஓட்டுவதற்குச் சமம் என்றது அந்த வாரியம். சென்னையிலிருந்து மதுரைக்குப் போவதைவிடச் சற்றே அதிக தூரம். இது புகைமூட்டத்தை உண்டாக்கும் எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு பற்றிய கணக்கு. கார்பன் டை ஆக்சைடுக்கு இது பொருந்தாது. இரண்டையும் போட்டுக் குழப்பி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். 2021-ல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றி, 2024 மாடல் ஆண்டு முதல் புகை விடும் சிறு எஞ்சின் கருவிகளில் பெரும்பாலானவற்றைப் புதிதாக விற்பதற்குக் கதவை மூடியது. பழையதை ஓட்டுவதற்குத் தடையில்லை. 2023-ல் ஹோண்டா அமெரிக்காவில் பெட்ரோல் புல்வெட்டி தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது.

பாதுகாப்பில் ஒரு சின்ன வரலாறு உண்டு. கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1982 முதல் கட்டாயமாக்கியது. மலிவான பெட்ரோல் இயந்திரங்கள் கத்தியை நிறுத்த எஞ்சினையே அணைத்துவிடும். வழியில் கிடக்கும் பந்தை எடுத்துப்போட நின்றாலும் மறுபடி கயிறு இழுக்க வேண்டும். அந்தச் சலிப்பில் கைப்பிடியைக் கட்டிவைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. பேட்டரி மோட்டார் நிற்பதும் கிளம்புவதும் ஒரு பொத்தானில் முடிகிறது; விதியை ஏமாற்றும் ஆசையே எழாது. பட்டியலில் மதிப்பெண் இல்லாத நன்மை இது.

ரோபோ புல்வெட்டிகள் தனிக் கட்டுரைக்குரியவை. ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த ஸோஃபி லண்ட் ராஸ்முசெனும் உடன் ஆய்வாளர்களும், ஏற்கெனவே இறந்துபோன முள்ளெலிகளைப் புல்லில் கிடத்தி, வெவ்வேறு ரோபோக்களை அவற்றை நோக்கி ஓடவிட்டு 2021-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடாமல் முன்கூட்டியே கண்டுகொண்ட இயந்திரம் ஒன்றுகூட அதில் இல்லை. நிறுவனங்கள் அளக்காததை வெளியாள் அளந்து காட்டியதற்கு இது நல்ல உதாரணம்.

பணத்துக்கு வருவோம். பேட்டரி வாங்கினால் பெட்ரோல் செலவு மிச்சம் என்று கடைக்காரர் சொல்வார். கணக்குப் பார்ப்போம். ஆண்டுக்கு 30 தடவை, தடவைக்கு 0.35 யூனிட் என்றால் மொத்தம் பத்தரை யூனிட். யூனிட்டுக்கு 16 சென்ட் என்று போட்டால் இரண்டு டாலருக்கும் கீழே. பெட்ரோலில் தடவைக்கு அரை லிட்டர், ஆண்டுக்கு 15 லிட்டர், சுமார் நாலு கேலன். கேலன் மூன்றரை டாலர் என்றாலும் 14 டாலர். ஆக மிச்சம் ஆண்டுக்கு 12 டாலர். பெரிய மாற்றுப் பேட்டரியின் விலை இயந்திர விலையில் பாதியைத் தொடும் சந்தையில், இந்தப் பன்னிரண்டு டாலர் எதற்கும் காணாது. உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலைக் குளிர்காலம் முழுவதும் டாங்கில் விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். வசந்தத்தில் முதல் சனிக்கிழமை கயிற்றை இழுத்தே தோள் இறங்கும். எண்ணெய், ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி என்று சில்லறைச் செலவும் கூட வரும். இதிலிருந்து விடுதலை வேண்டும் என்று பேட்டரி வாங்குகிறவர் ஏமாற மாட்டார். பெட்ரோல் காசு மிச்சம் என்று வாங்குகிறவர் ஏமாறுவார்.

அந்த ஏமாற்றம் வரும் காலத்தையும் ஊகிக்கலாம். லித்தியம்-அயன் செல் இரண்டு வழிகளில் தேய்கிறது: சார்ஜ் ஏறி இறங்குவதால் ஒன்று, சும்மா இருப்பதால் ஒன்று. ஆண்டுக்கு 30 தடவை என்றால் 500 சுற்றை முடிக்கப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகும். புல்வெட்டி பேட்டரி உழைத்துத் தேய்வது அபூர்வம். சும்மா இருந்து தேய்வதுதான் அதிகம். அதற்கு உரம் போடுவது இரண்டு: முழு சார்ஜ், வெப்பம். ஆகஸ்ட் மாதத்து டெக்சாஸ் கராஜில், சார்ஜரில் செருகியபடியே விட்டுவைப்பது இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதாகும். வெட்டி முடித்ததும் சூடான பேட்டரியை ஆறவிட்டு, பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைத்து, அடுத்த வெட்டுக்கு முந்தின நாள் முழுதாக ஏற்றினால் ஆயுள் நீளும். இதை எதிர்பார்க்க முடியாது என்று தெரிந்துதான் சில தயாரிப்பாளர்கள், ஒரு மாதம் தொடாமல் கிடந்தால் தானே சார்ஜை இறக்கிக்கொள்ளும் சில்லை உள்ளே வைத்திருக்கிறார்கள். இயந்திரத்துக்கு 5 ஆண்டு, பேட்டரிக்கு 3 ஆண்டு என்று பிரித்து உத்தரவாதம் கொடுக்கும் வழக்கமும் இதைச் சொல்லாமல் சொல்கிறது.

இங்கேதான் எந்தக் கம்பெனி என்ற கேள்வி இயந்திரத்தைவிடப் பெரிதாகிறது. ஒரு நிறத்துப் பேட்டரி வாங்கினால் அடுத்து வேலி வெட்டுவது, இலை ஊதுவது, பனி தள்ளுவது எல்லாம் அதே நிறத்தில் வாங்க வேண்டியிருக்கும். ஒன்றின் பேட்டரி இன்னொன்றில் நுழையாதபடி காடிகளை வெட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பாஷும் கார்டெனாவும் இன்னும் சிலரும் 2020-ல் ஒரே 18 வோல்ட் பேட்டரிக்குள் கூட்டுச் சேர்ந்தது நல்ல தொடக்கம். பெரிய புல்வெட்டிகளின் உலகத்தில் அப்படியோர் உடன்பாடு உருவாகவில்லை. ஊருக்குத் திரும்பும்போது பேட்டரியை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாம் என்றும் நினைக்க வேண்டாம். 100 வாட்-மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160-ஐத் தாண்டினால் பயணிகளின் பெட்டியில் இடமே கிடையாது.

ஆகவே பத்து ஆண்டு கழித்தும் இதே பேட்டரியை விற்பார்களா என்பதையும், ஐந்து ஆண்டு பழைய பேட்டரியில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குவதே முறை. முதலாவதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. இரண்டாவதை அளக்கலாம், பெரிய செலவும் இல்லை. ஆண்டுதோறும் கடையில் வாங்கும் பேட்டரிகளில் பிராண்டுக்கு ஒன்றிரண்டை ஒதுக்கி, சாதாரண வீட்டுக்காரர் வைப்பதுபோல வெயில் காலத்தில் கராஜில் வைத்து, ஆண்டுக்கு ஒரு தடவை முழுதாக ஏற்றி இறக்கி, வெளிவந்த வாட்-மணியைக் குறித்துவைத்தால் போதும். புதியவற்றின் மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரலாக, மூன்றாம் ஆண்டில் இவ்வளவு, ஐந்தாம் ஆண்டில் இவ்வளவு என்று அச்சிடலாம்.